அணு ராக்கெட் செய்தியைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி?

அணுசக்தியால் செவ்வாய்க்கு விரைந்து செல்லலாம் என்று செய்தி வரும்போதெல்லாம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் கிளை நூலகத்தில் ஒரு சாரார் மகிழ்கிறார்கள், மறு சாரார் அஞ்சுகிறார்கள். இரு தரப்பும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. மேல்நிலை மாணவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்ந்து நாங்கள் அத்தகைய செய்திகளைப் படிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும், கைப்பேசியில் அறிவியல் கால்குலேட்டரும் போதும்.

செய்தியில் ‘அணு’ என்று இருப்பது எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் உள்ள ‘அணு’ எஞ்சினே அன்று. புளூட்டோனியம்–238 தானாகச் சிதையும்போது எழும் வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவி. அணு வெப்ப ராக்கெட் என்பது வேறு. அதைப் புரியவைக்க நான் மாணவர்களை அரிசி ஆலைக்கு அழைத்துச் செல்வதுண்டு. உமி எரிவது அடுப்பில். நெல்லை அவிப்பதோ பாய்லரிலிருந்து வரும் நீராவி. எரிவது ஒன்று, சூடேறி வெளியேறுவது மற்றொன்று. சாதாரண ராக்கெட்டில் எரிந்த பொருளே புகையாக வெளியேறித் தள்ளுகிறது. அணு வெப்ப ராக்கெட்டில் அணு உலை அடுப்பாக இருக்க, அதன் ஊடே பாயும் ஹைட்ரஜன் சூடேறி வெளியேறுகிறது. மூன்றாவது வகையான அணு மின் உந்துதலில் உலை மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரம் மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயனிகளை விரட்டுகிறது. சொட்டுநீர்ப் பாசனம் போல, தள்ளுவது சிறிது, தள்ளும் காலம் நெடிது.

இந்த இடத்தில் மாணவர்கள் தவறாமல் ஒரு தவறு செய்கிறார்கள். அணு உலை கூடுதலாகச் சுடுவதால்தான் ராக்கெட் வேகமாகப் போகிறது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் எஞ்சினின் உள்ளே 3,000 கெல்வினுக்கும் மேல் வெப்பம் உண்டு. அமெரிக்காவின் பழைய அணு வெப்ப ராக்கெட் திட்டமான நெர்வாவின் உலைகளில் ஹைட்ரஜன் ஏறத்தாழ 2,500 கெல்வின் வரைதான் சூடேறியது. ஆதாயம் சூட்டில் இல்லை, எடையில் இருக்கிறது. எரிந்து வருவது நீராவி, அதன் மூலக்கூறு எடை 18. உலை வழியே வரும் வெறும் ஹைட்ரஜனுக்கோ 2. ஒரே சூட்டில் லேசான மூலக்கூறு விரைந்து ஓடும் என்பதே இந்த எஞ்சினின் சூட்சுமம். ஆகவே வாயு வெளியேறும் வேகம், எரித்துத் தள்ளும் வேதி எஞ்சினில் நொடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டராகவும், அணு வெப்ப எஞ்சினில் சுமார் 8.3 கிலோமீட்டராகவும் அமைகிறது.

அடுத்து, இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்கிடுங்கள். பூமியைச் சுற்றும் தாழ்ந்த பாதையிலிருந்து செவ்வாய் நோக்கிப் புறப்படக் கலத்தின் வேகத்தை நொடிக்குச் சுமார் 3.6 கிலோமீட்டர் கூட்ட வேண்டும். அதை வெளியேறும் வேகத்தால் வகுத்து, வரும் ஈவை e (சுமார் 2.718) என்ற எண்ணின் அடுக்காக ஏற்றினால் தொடக்க எடைக்கும், வெளியேறிய வாயு போக மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். வேதி எஞ்சினுக்கு 2.27, அணு எஞ்சினுக்கு 1.54. அதாவது 100 டன் கலம் கிளம்பினால், முன்னதில் 44 டன்தான் மிஞ்சுகிறது, பின்னதில் 65 டன். மிஞ்சியது முழுவதும் லாபம் என்று எழுதிவிடாதீர்கள். உலையின் எடையும் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தின் எடையும் அதிலிருந்துதான் கழிய வேண்டும். தண்ணீரின் எடையில் பதினாலில் ஒரு பங்கே உள்ள திரவ ஹைட்ரஜனுக்குப் பெருந்தொட்டி வேண்டும், அதை −253 டிகிரியில் மாதக்கணக்கில் காக்கவும் வேண்டும்.

பிறகு விண்வெளியின் ஆபத்தை நாட்களாக மாற்றிப் பாருங்கள். கியூரியாசிட்டி கலம் செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்த அண்டக் கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). பூமியில் இயற்கையாக நாம் பெறுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4. அங்கே ஒரு நாள், இங்கே ஒன்பது மாதம். போக 180 நாள், வர 180 நாள் என்றால் பயணத்துக்கு மட்டும் 650ஐ நெருங்குகிறது. நாசா ஒரு விண்வெளி வீரருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 600. போக 120 நாள், வர 120 நாள் எனக் குறைந்தால் 432 ஆகிறது. அணு எஞ்சின் வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான் என்பது என் கருத்து. எடைக் கணக்கு இதற்கு அடுத்தபடியே. சூரியப் புயல் தனிக் கணக்கு. அப்போலோ 16க்கும் 17க்கும் நடுவில், 1972 ஆகஸ்டில் வீசிய புயலில் நல்வாய்ப்பாக யாரும் நிலவுப் பயணத்தில் இல்லை.

இனி நம் பக்கத்து ஆபத்து. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்துப் போராடி, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வரும்வரை காத்திருந்த டெல்டாக்காரர்களிடம் “அபாயமே இல்லை” என்று சொன்னால் எடுபடாது, எடுபடவும் கூடாது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, உலை எப்போது இயங்கத் தொடங்குகிறது என்பது. ஒருமுறையும் இயங்காத யுரேனியம்–235 எரிபொருளின் கதிரியக்கம் மிகக் குறைவு. இயங்கிய பின்பு பிளவில் பிறக்கும் பொருட்களே கொடியவை. இதனால்தான் 1992இல் ஐ.நா. வகுத்த கோட்பாடுகள், பணிக்கான சுற்றுப்பாதையையோ கோளிடைப் பாதையையோ அடையும் முன் உலையை இயக்கக் கூடாது என்கின்றன. புளூட்டோனியக் கருவிக்கு இந்த வசதி கிடையாது, அது எப்போதும் விழித்தே இருக்கும். 1964இல் சுற்றுப்பாதையை எட்டாத ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளின் புளூட்டோனியம் வளிமண்டலத்திலேயே சிதறிக் கலந்தது. இயங்கிய உலையோடு சோவியத்தின் காஸ்மாஸ் 954 கனடாவின் வடக்கே விழுந்தது 1978 ஜனவரி 24ஆம் நாள். தேடித் துப்புரவு செய்த செலவுக்காகக் கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு, 1981இல் 30 லட்சம் பெற்றது.

செய்தியின் வினைச்சொற்களையும் அடிக்கோடிட வேண்டும். நெர்வா உலைகள் நெவாடா பாலைவனத்தில் உண்மையிலேயே இயக்கிப் பார்க்கப்பட்டவை. ஆனாலும் 1973இல் திட்டம் கைவிடப்பட்டது, ஒன்றும் பறக்கவில்லை. 2023இல் ஆரவாரமாக அறிவிக்கப்பட்ட டிராகோ என்ற அமெரிக்க அணு வெப்ப ராக்கெட் திட்டமும் 2025இல் நின்றுபோனது. ‘சோதித்தார்கள்’ என்பதும் ‘திட்டமிட்டுள்ளார்கள்’ என்பதும் மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் கடைமடை வயலுக்கு அது வந்து சேர்ந்ததும் போல. இடையே எத்தனை மதகுகள் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும்.

நோட்டின் கடைசிப் பத்தியை, வேலை முடிந்த உலை எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒதுக்குங்கள். செய்திகளில் இதற்குப் பதில் அநேகமாக இருக்காது. 1965 ஏப்ரல் 3இல் அமெரிக்கா ஏவிய ஸ்னாப்–10ஏ உலை 43 நாள் இயங்கியபின், உலையில் குறை ஏதுமின்றிக் கலத்தின் மின்கருவிக் கோளாறால் அணைந்தது. சுமார் 1,300 கிலோமீட்டர் உயரத்தில் இன்றும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.