பூண்டெண்ணெய், டப்பா உணவு, பாட்டுலிசம்: வீட்டில் பத்திரமாகக் கையாள்வது எப்படி?

பூண்டை உரித்து எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, அடுப்பு மேடையிலேயே வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூச்சை நிறுத்தும் அளவுக்குப் போகக்கூடிய பாட்டுலிசம் என்ற நோய்க்கு அந்த பாட்டிலுக்குள் எல்லா வசதியும் இருக்கிறது. பூண்டெண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்யும் முறையும் வைக்கும் இடமும்தான் விஷயம்.

படி 1: எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் மண்ணில் வாழும் பாக்டீரியா. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என்று மண்ணைத் தொட்ட எதிலும் அது இருக்கலாம். சூழ்நிலை சரியில்லை என்றால் ஸ்போர் என்ற கெட்டியான உறைக்குள் அடங்கிக் கிடக்கும். அந்த ஸ்போரை நாம் அடிக்கடி விழுங்குகிறோம். பெரியவர்களுக்கு அதனால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை.

காற்று இல்லாமை, புளிப்புக் குறைவு, ஈரம், அறையின் வெதுவெதுப்பு எல்லாம் ஒன்றாகக் கிடைத்தால்தான் ஆபத்து. ஸ்போர் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். நரம்பிலிருந்து தசைக்குப் போக வேண்டிய கட்டளையை அந்த நச்சு தடுத்துவிடும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நச்சு சூட்டுக்குத் தாங்காது. 85 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கினாலே சிதைந்துவிடும். ஆனால் ஸ்போர் கொதிக்கும் தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைக்கும். அதை அழிக்க 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் வேண்டும். அந்தச் சூடு பிரஷர் இல்லாமல் தண்ணீரில் வராது. அதனால் "நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே பாட்டிலில் ஊற்றினேன்" என்பது பாதுகாப்பு ஆகாது. கொதிக்க வைத்ததில் மற்ற கிருமிகள் செத்துப்போய், இதற்குப் போட்டியே இல்லாமல் போகிறது.

1895ல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில், ஒரு இறுதிச் சடங்குக்கு வாசிக்கப் போன இசைக்கலைஞர்கள் உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டுவிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் என்ற பாக்டீரியா ஆய்வாளர் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

மேல்நாட்டு நோய் என்று ஒதுக்கவும் முடியாது. 1996ல் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் நோயுற்றார்கள், குறைந்தது 3 பேர் இறந்தார்கள். சந்தேகம் அவர்கள் சாப்பிட்ட சேவு மேல் விழுந்தது. அங்கே காரணமாகக் கருதப்பட்டது இதே வகை நச்சைச் சுரக்கும் உறவுக்காரப் பாக்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம்.

படி 2: புளிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

புளிப்பை அளப்பது பி.எச். அளவு; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6க்குக் கீழே இருந்தால் இந்தப் பாக்டீரியா வளராது. எலுமிச்சை, புளி, மாங்காய், வினிகர் எல்லாம் அதற்குக் கீழே நிற்பவை. தக்காளி எல்லைக்கோட்டில் இருக்கிறது. பூண்டு, பீன்ஸ், காளான், கிழங்கு வகைகள், மீன், இறைச்சி ஆகியவை மேலே.

நம் வீட்டு ஊறுகாய் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் தாராளமான உப்பும் புளிப்பும்தான். உப்பைப் பாதியாக்கி, எலுமிச்சைச் சாற்றையும் புளியையும் விட்டுவிட்டு, எண்ணெயை மட்டும் மேலே நிற்கவிட்டால் அது பழைய ஊறுகாய் இல்லை. எண்ணெய் காற்றைத் தடுக்கும். இந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுவே. உப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் கொஞ்சமாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மீன், இறால் ஊறுகாய்க்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

படி 3: பூண்டெண்ணெய் செய்யும் முறை

1985ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்குப் பாட்டுலிசம் வந்தது. காரணம், ஃப்ரிட்ஜில் வைக்காத, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. 1989ல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் அதே போல இன்னும் 3 பேர். அதன் பிறகுதான் அமெரிக்காவில், இப்படி விற்கும் பூண்டில் அமிலமோ கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் வேறு பொருளோ கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றானது.

வீட்டில் இப்படிச் செய்யலாம்:

1. நான்கு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் பூண்டு எடுத்து, மண் போகக் கழுவி உரியுங்கள்.
2. எண்ணெயில் வேகவிடுங்கள். எண்ணெய் எவ்வளவு சூடானாலும், பூண்டின் உள்ளே ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எனவே ஸ்போர் சாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
3. வெளியில் ஆறப்போட்டு மறந்துவிடாமல், சின்ன, அகலமான டப்பாவில் மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.
4. மூடியில் தேதி எழுதுங்கள். நான்கு நாளுக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.
5. அதிகமாகச் செய்துவிட்டால் அன்றைக்கே ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தேவைப்படும்போது ஒரு கட்டியை எடுத்து நேராக வாணலியில் போடலாம்.

மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சாறு எண்ணெயில் கலக்காது, பூண்டுக்குள்ளும் அவ்வளவு சுலபமாக இறங்காது.

படி 4: காய்கறியை ஜாடியில் அடைக்க ஆசைப்பட்டால்

அமெரிக்கா, கனடாவில் வீட்டுக்கு வீடு காய்கறியை ஜாடியில் அடைப்பார்கள். 2015ல் ஓஹியோவின் லான்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். கிழங்கை ஜாடியில் அடைத்தவர் பிரஷர் கேனரில் (ஜாடிகளை நீராவி அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கும் பெரிய பாத்திரம்) அல்லாமல் கொதிநீரில் வைத்து எடுத்திருந்தார். அப்புறம் அந்தக் கிழங்கை மறுபடி சூடாக்காமல் சாலட்டில் போட்டார்கள். சூடாக்கியிருந்தால் நச்சாவது சிதைந்திருக்கும்.

புளிப்பில்லாத எதையும் பிரஷர் கேனர் இல்லாமல் அடைக்காதீர்கள். நம் விசில் குக்கர் அதற்கு மாற்று இல்லை. அது சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். கேனிங் கால அளவுகள் பெரிய கேனரை வைத்துச் சோதிக்கப்பட்டவை. கேனர் இல்லையென்றால் ஃப்ரீசரே போதும்.

கடையில் வாங்கும் டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, திறக்கும்போது பீறிட்டு அடித்தாலோ தூக்கிப் போடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்வது கூடவே கூடாது. கெட்ட வாசனையோ நிறமாற்றமோ இல்லாமலும் நச்சு இருக்கும்.

படி 5: ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம்

இதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பது, உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் தேனில் ஸ்போர் இருக்கலாம். கைக்குழந்தையின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் நிலைபெறாததால், ஸ்போர் அங்கேயே முளைத்து நச்சைச் சுரக்கும். தேனைக் காய்ச்சினாலும் பயனில்லை. மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, மெலிந்த அழுகை, தலை நிற்காமல் துவள்வது ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வயது தாண்டியபின் தேன் கொடுக்கலாம்.

படி 6: அறிகுறி தெரிந்தால்

பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும். சிலருக்குச் சில மணி நேரத்திலும் சிலருக்கு ஒரு வாரம் கழித்தும் வரும். பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், வாய் வறளும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிறகு பலவீனம் கழுத்து, கை, மார்பு என்று கீழே இறங்கும். காய்ச்சல் பொதுவாக இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். அதனால்தான் அசதி என்று விட்டுவிடுகிறார்கள்.

காலை வரை காத்திருக்காதீர்கள். நச்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும். நரம்பில் ஏற்கெனவே ஒட்டியதை அதனால் எடுக்க முடியாது. தாமதித்தால் வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் இருக்க நேரும். "பாட்டுலிசமாக இருக்குமோ" என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மீதி உணவை இரண்டு கவரில் கட்டிப் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அப்போதே போன் செய்துவிடுங்கள். அவர்களுக்கு அறிகுறி இன்னும் தொடங்காமல் இருக்கலாம்.