கற்பனை உலகுக்கு ஒரு மொழி அமைத்தல்: ஒலியும் இலக்கணமும்

கற்பனை உலகத்துக்கென்று ஒரு மொழியைப் படைக்க முனைபவர்கள் பெரும்பாலும் சொற்பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். மலைக்கு ஒன்று, வாளுக்கு ஒன்று, அரசிக்கு ஒன்று என நூறு சொற்கள் சேர்ந்ததும் மொழி பிறந்துவிட்டதாகத் தோன்றும். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஹில்டெகார்ட் என்ற துறவி, தாமே புனைந்த ஏறத்தாழ ஆயிரம் சொற்களை விட்டுச் சென்றிருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்கள். அவற்றில் சில இடம்பெறும் அவருடைய பாடலோ இலத்தீன் இலக்கணத்தில்தான் நிற்கிறது. ஆகவே சொற்களைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். எந்த ஒலிகளை உங்கள் மொழி விலக்குகிறது, எவற்றைச் சொல்லாமல் விட அதன் இலக்கணம் அனுமதிப்பதில்லை என்னும் இரண்டையும் முதலில் முடிவு செய்தால், சொற்கள் அந்த வரம்புக்குள் தாமே ஒரே குடும்பச் சாயலோடு பிறக்கும்.

பேசுபவர்களின் வாயிலிருந்து தொடங்குவது நல்லது. அலகு உடைய ஒரு பறவைக் குலத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு உதடு இல்லை. எனவே உதடு ஒட்டிப் பிறக்கும் ப, ம ஆகியவையும், பல்லும் உதடும் இயையப் பிறக்கும் வகரமும், உதடு குவிந்து பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவையும் அவர்களிடம் இருக்க முடியாது. தமிழ்ச் செய்யுள் மரபில் நிரோட்டகம் என்றும் இதழகல் என்றும் வழங்கும் பா வகை, இதே ஒலிகளை விலக்கிப் பாடப்படுவதுதான். அதைப் பயின்ற காது இந்த மொழியின் சாயலை உடனே ஊகித்துவிடும். உதடு உள்ள மனிதர்களின் மொழிகளிலும் இதற்கு நிகர் உண்டு: வட அமெரிக்காவின் மோஹாக் மொழியில் ப, ம ஒலிகள் இயல்பாக இல்லை. நம் பறவைக் குலத்துக்கு அ, இ, எ ஆகிய மூன்று உயிர்களையும் அவற்றின் நெடில்களையும், க, ங, த, ந, ய, ர, ல என ஏழு மெய்களையும் கொடுப்போம். இவை போதுமா என்று தயங்க வேண்டியதில்லை. ஹவாய் மொழி 8 மெய்யொலிகளை மட்டும் கொண்டு முழுமையாக இயங்குகிறது.

ஒலிகளைத் தேர்ந்தபின், அவை எங்கே வரலாம் என்ற விதியே மொழியின் முகத்தைத் தீர்மானிக்கிறது. தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு மெய்களும் சொல்லின் முதலில் வருவதில்லை. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. கடன் சொற்கள் எத்தனை புகுந்தாலும் தமிழ்க் காது இந்த விதிகளை இன்னும் உணர்கிறது. ஆகவே அயன்மை வேண்டுமென்றால், வாயில் நுழையாத மெய்க்கூட்டங்களை அடுக்குவதைவிட இந்த விதிகளில் ஒன்றிரண்டைத் தலைகீழாக்குவது மேல். நம் மொழியில் ர, ல, ங மூன்றும் சொல்லைத் தொடங்கட்டும். க், த் இரண்டும் சொல்லை முடிக்கட்டும். ஓர் அசையில் உயிருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மெய்க்கு மேல் வரவேண்டாம். மலைக்கு ‘லிகர்’, குழந்தைக்கு ‘ஙெத்’, கோட்டைக்கு ‘கெலித்’ என இப்போது சொற்களை வைத்துப் பாருங்கள். தமிழ் வாயால் எளிதில் சொல்ல முடிகிறது, ஆனால் இவை தமிழ் அல்ல என்பது முதல் எழுத்திலோ இறுதி எழுத்திலோ தெரிந்துவிடுகிறது.

தமிழில் கதை எழுதுபவர் இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் மொழி வாசகரைச் சென்றடைவது தமிழ் எழுத்தின் வழியாக. அந்த எழுத்தில் ககரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும், இரு உயிர்களுக்கு இடையே மென்மையாகவும், ஙகர மெய்யை அடுத்து வேறுவிதமாகவும் ஒலிக்கும். வல்லொலியும் அதன் மெலிந்த வடிவமும் பொருள் வேறுபாடு தருமாறு நீங்கள் மொழியை அமைத்தால், வாசகர் அந்த வேறுபாட்டைப் படிக்கவே மாட்டார். இதற்கு நேர்மையான தீர்வுகள் இரண்டு உண்டு. ஒன்று, இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும் அதே பழக்கத்தை உங்கள் மொழிக்கும் கொடுத்துவிடலாம். நம் பறவைக் குலம் அப்படித்தான், ‘லிகர்’ என்பதில் ககரம் மெலிந்தே ஒலிக்கும். மற்றது, இடையில் வல்லொலி வேண்டும்போதெல்லாம் மெய்யை இரட்டித்து எழுதலாம். எழுத்தின் கீழ்ப் புள்ளியிடுவது, மேலே எண் இடுவது போன்ற புதுக் குறிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ஆசிரியரின் குறிப்பேட்டில் பயன்படும். கதையின் ஓட்டத்தில் கண்ணைத் தடுக்கும்.

இலக்கணத்துக்கு வருவோம். சொல் வரிசையைத் தேர்வது தனித்த முடிவு போலத் தோன்றினாலும், அது வேறு பல முடிவுகளையும் இழுத்து வருகிறது. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தொடர்பு தெளிவாக வெளிப்பட்டது. தமிழ், ஜப்பானியம், துருக்கியம் போல வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் ‘மலையின் மேல்’ என்பதுபோல் இடம் காட்டும் சொல்லைப் பெயருக்குப் பின்னே வைக்க விழைகின்றன. வெல்ஷ் போல வினையை முதலில் வைப்பவை அதைப் பெயருக்கு முன்னே வைக்கின்றன. நம் மொழியில் வினை முதலில் வரட்டும். அப்படியானால் ‘மலையில்’ என்பது ‘நா லிகர்’; ‘குழந்தையின் மலை’ என்பது உடைமைப் பொருள் தரும் ‘யா’ இடையில் நிற்க, ‘லிகர் யா ஙெத்’. இந்த ஒழுங்கு, புதிதாக ஒரு தொடர் தேவைப்படும்போதெல்லாம் உங்களுக்கு வழிகாட்டும்.

அடுத்து, இலக்கணம் எதைக் கட்டாயமாகச் சொல்ல வைக்கிறது என்பது. இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் கதைக்கு நேரடியாகப் பயன்படுவது இதுவே. தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள்: பின்னது, செய்தி பிறர் வாயிலாகக் கேட்டது என்று காட்டுகிறது. தமிழில் அந்த ‘ஆம்’ பேசுபவரின் விருப்பம். கொலம்பியா, பிரேசில் எல்லைப் பகுதியில் பேசப்படும் துயூகா மொழியிலோ, கண்டதா, கேட்டதா, ஊகித்ததா என்பது போன்ற சான்றின் வகையை வினைமுற்று சொல்லியே தீரவேண்டும். நம் பறவைக் குலத்துக்கும் இந்தக் கட்டாயத்தை வைப்போம். ‘ரெல்’ என்பது பார்த்தலைக் குறிக்கும் வினையடி. ‘ரெலே ஙெத் லிகர்’ என்றால் குழந்தை மலையைப் பார்த்தது, அதற்கு நானே சாட்சி. ‘ரெலிங் ஙெத் லிகர்’ என்றால் குழந்தை மலையைப் பார்த்ததாம். இப்போது ஒரு தூதன் தான் காணாத போரைப் பற்றி அரசவையில் ‘ஏ’ விகுதியோடு பேசினால், இலக்கணமே அவனது பொய்க்குச் சான்றாகிவிடும். இவ்வாறே ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாட்டை ஒரு குலத்தின் மொழியில் வைத்து, அண்டைக் குலத்தின் மொழியிலிருந்து நீக்கிப் பாருங்கள்; அவர்களுக்கிடையே எழுதப்படும் உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியும் தகராறுக்கு இடம் தரும்.

தமிழ் வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றிப் போடுவதைத் தவிர்க்க, ‘எனக்குப் பசிக்கிறது’ போன்ற தொடர்களைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் இதை நான்காம் வேற்றுமையில் சொல்கிறது. ஐரிஷ் மொழி ‘பசி என் மேல் இருக்கிறது’ என்கிறது. உங்கள் மக்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதைத் தமிழைப் பாராமல் முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சீராக இருக்கும் மொழி செயற்கையாகத் தெரியும் என்று கருதி, சிலர் விதிவிலக்குகளை வேண்டுமென்றே தூவுகிறார்கள். அது பயன் தராது. மொழிக்கு ஒரு கடந்த காலத்தைக் கொடுத்தால் விதிவிலக்குகள் தாமே விளையும். தமிழில் ‘பால்’, ‘பல்’ என்பவை கன்னடத்தில் ‘ஹாலு’, ‘ஹல்லு’ என நிற்கின்றன. கன்னடம் ‘கிவி’ என்பதைத் தமிழ் ‘செவி’ என்கிறது. இ, எ ஆகியவற்றின் முன் ககரம் சகரமாவது உலக மொழிகள் பலவற்றில் நிகழும் மாற்றம். இதையும், சொல்லிறுதித் தகர மெய் கெடும் என்ற இன்னொரு விதியையும் நம் குலத்தின் பள்ளத்தாக்குக் கிளைக்கு வைப்போம். மேட்டு நிலத்தின் ‘கெலித்’ பள்ளத்தாக்கில் ‘செலி’ ஆகிறது. பன்மை விகுதி ‘அய்’ என்றால் பழைய பன்மை ‘கெலிதய்’. அங்கே தகரம் இறுதியில் இல்லாததால் கெடாமல் ‘செலிதய்’ என்று நிற்கும். செலி, செலிதய் எனப் பன்மையில் மட்டும் தலைகாட்டும் இந்தத் தகரத்தை அங்குள்ள சிறுவர்கள் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்வார்கள், ஆனால் உங்களுக்குக் காரணம் தெரியும். மேட்டு நில ஊர்ப் பெயர்கள் ‘கெலித்’ என்றும் பள்ளத்தாக்கு ஊர்ப் பெயர்கள் ‘செலி’ என்றும் முடியுமாறு நிலப்படத்தில் எழுதினால், கூர்ந்து படிக்கும் வாசகர் இரு மக்களின் உறவைத் தாமே கண்டுகொள்வார்.

மாற்ற விதிகளின் வரிசையைக் குறித்துவைப்பது மிக முக்கியம். எது முன், எது பின் என்பதைப் பொறுத்து விளைவு மாறக்கூடும். வரிசை இல்லையேல் ஆறு மாதம் கழித்து அதே சொல்லை வேறு விதமாக எழுதிவிடுவீர்கள். பிறகு ஒரு கேள்வி, ஓர் எதிர்மறை, ஒரு கட்டளை, ஒரு நிபந்தனை, ‘அவன் வந்ததாக அவள் சொன்னாள்’ போன்ற ஒரு தொடருக்குள் தொடர், ஒரு வசவு ஆகியவற்றை உங்கள் மொழியில் எழுதி, உரக்கப் படித்துப் பாருங்கள். இவற்றில் எதை எழுத முடியவில்லையோ அந்த இடத்தில் இலக்கணம் இன்னும் முடிவாகவில்லை. கதையில் அந்த வகைத் தொடர் வருமுன் அதை முடிவு செய்துவிடுங்கள்.