ஆலைத் தொழிலாளர்கள் பாடும் அரை மணி நேரம்: கேன்டீனில் பதிவு செய்வது எப்படி

அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஸ்டீல் கம்பெனி 1936 முதல் 1944 வரை தன் செலவில் அரை மணி நேர வானொலி இசை நிகழ்ச்சி நடத்தியது. பாடியவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். உலகப்போரின் நடுவிலும் அது தொடர்ந்தது. அதே அமைப்பில் அம்பத்தூர் எஸ்டேட் ஆலை ஒன்றில் ஆயுத பூஜைக்குப் பதிவு செய்து சமுதாய வானொலிக்குக் கொடுக்கலாம்.

28 நிமிடம் 30 விநாடிக்கு எழுதுங்கள்; மிச்சம் நிலைய அறிவிப்புக்கு. மூன்று நிமிடப் பாட்டு ஆறு. கம்பெனி விளம்பரம் தொடக்கத்தில் 45 விநாடி, நடுவில் 60, முடிவில் 30. அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். மீதி எட்டேகால் நிமிடமும் பாடுபவரின் பெயர், டிபார்ட்மென்ட், செய்யும் வேலை ஆகியவற்றுக்கு. நிகழ்ச்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. நிர்வாகத்தின் வாழ்த்துரைக்கு இடம் கொடுத்தால் ஒரு பாட்டு போய்விடும்.

பாரதியார் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் சினிமா மெட்டில் பாடினால் மெட்டுக்கு உரிமம் வேண்டும். அதை யார் வாங்குவது என்று வானொலியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். தெம்மாங்கு இருந்தால் கண்டிப்பாகச் சேருங்கள்.

ஷிஃப்ட் முடிந்த கையோடு யாரையும் பாட வைக்காதீர்கள். தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்றவரின் காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். சுருதி விலகுவதற்கு அதுவே காரணம், பாட்டு வராததால் அல்ல. வார விடுமுறையில், காலையில் பதிவு செய்யுங்கள். இரைச்சலில் பேசிப் பழகியவர்களின் குரல் உரத்தே வரும். அவர்களை மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள்.

கேன்டீனில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தகரக் கூரையும் டைல்ஸ் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பாடுபவருக்குப் பின்னால், சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கனமான ஜமக்காளம் தொங்கவிட்டு, தரையிலும் ஒன்று விரியுங்கள். மின்விசிறி, எக்ஸாஸ்ட், ஏர் கம்ப்ரசர் மூன்றும் நிற்க வேண்டும். மைக் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்து இழுத்தால் 'ம்ம்' என்ற இரைச்சல் ஏறும்; குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடத்துங்கள்.

அன்றைய வானொலி நிலையங்களின் ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. எட்டு வடிவப் பதிவு வசதியுள்ள இன்றைய கண்டென்சர் மைக்கும் அப்படியே. ஒரு முகத்தில் கோரஸ், மறு முகத்தில் ஆர்மோனியமும் தபலாவும். செவிடான பக்கம் வாசலை நோக்கட்டும். தனிப்பாட்டுக்காரர் தன் வரிக்கு ஓரடி முன்னே வந்து, முடிந்ததும் பின்வாங்குவார். இந்த நகர்வைத்தான் அதிகம் ஒத்திகை பார்க்க வேண்டும். நாதஸ்வரம், தவில் பன்னிரண்டு அடிக்கு அப்பால். மிக உரத்த இடம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். கைதட்டலில்தான் ஒலி வெடிக்கும்.

ஆலைச் சங்கை வேறொரு நாள் ஐம்பது அடி தள்ளி நின்று தனியாகப் பதிந்து, தொடக்க ஒலியாகச் சேருங்கள்.

ஒவ்வொருவரும் தம் பெயரை இனிஷியலோடு தாமே மைக்கில் சொல்லட்டும். அறிவிப்பாளர் காகிதத்தைப் பார்த்து வாசித்தால் இனிஷியல் மாறும். வீட்டில் கேட்பவர்களுக்கு அது பெரிய வருத்தம்.