ஆட்டத்தில் விழும் அடி: தீர்ப்புச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 நவம்பர் 25 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஷான் அபட் வீசிய பவுன்சர் ஒன்று ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸின் ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் ஹியூஸ் இறந்துபோனார். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், 1982 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில், மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷூமாக்கர் எதிரே ஓடிவந்த பிரான்ஸ் வீரர் பத்திஸ்தோன் மீது தாவி, இடுப்பால் முகத்தில் மோதினார். பத்திஸ்தோனுக்குப் பற்கள் போயின, நினைவு தப்பியது, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. கோல் கிக் கொடுத்தார்! ஷூமாக்கர் தொடர்ந்து ஆடி, பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் இரண்டு உதைகளைத் தடுத்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார்.

முதல் சம்பவத்தில் ஓர் உயிர் போயிற்று. ஆனால் வீசப்பட்டது விதிக்கு உட்பட்ட பந்து. ஹியூஸ் அப்போது 63 ரன் எடுத்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த, டெஸ்ட் அனுபவமுள்ள ஆட்டக்காரர். 2016-இல் விசாரித்த கரோனரும் (மரண விசாரணை அதிகாரி) இது விபத்து, யார் மீதும் பழியில்லை என்றே முடித்தார். இரண்டாவது சம்பவத்தில் அடிபட்டவர் பிழைத்தார், பிறகு பல ஆண்டுகள் ஆடவும் செய்தார். இருந்தும் இரண்டில் எது வன்முறை என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான்.

காயத்தின் அளவை வைத்துக் குற்றத்தை அளப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ரத்தம் வந்தால் அடித்தவர் வில்லன், வராவிட்டால் சும்மா உரசல். லீக்குகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 1977 டிசம்பரில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், லேக்கர்ஸ் அணியின் கெர்மிட் வாஷிங்டன், கைகலப்பு நடந்த இடத்தை நோக்கி ஓடிவந்த ரூடி டாம்யானோவிச்சின் முகத்தில் விட்ட ஒரே குத்தில் முக எலும்புகள் நொறுங்கின. அதற்குமுன் என்பிஏவில் குத்துச்சண்டை அபூர்வமான காட்சியாக இருக்கவில்லை. இந்தக் குத்தின் விளைவு பயங்கரமாக இருந்ததால்தான் லீக் விழித்துக்கொண்டது. வாஷிங்டனுக்குத் தடையால் 26 ஆட்டங்கள் போயின. இன்று அங்கே விதி தெளிவு: குத்து பட்டதா படவில்லையா என்ற பேச்சே கிடையாது, ஓங்கி வீசினாலே வெளியேற்றம். செயலைப் பார்க்கும் விதி அது. எதிராளி தலையைச் சாய்த்துத் தப்பித்ததற்கான பாராட்டு, வீசியவருக்குப் போகக் கூடாது இல்லையா?

“மைதானத்தில் இறங்கியாச்சு, அப்புறம் என்ன?”

ரக்பி, கபடி, ஐஸ் ஹாக்கி, அமெரிக்கக் கால்பந்து எல்லாம் உடலோடு உடல் மோதும் ஆட்டங்கள். குத்துச்சண்டையில் எதிராளியை அடித்து வீழ்த்துவதே நோக்கம். தெருவில் செய்தால் கேஸ் ஆகும் காரியம் அங்கே புள்ளியாகிறது. காரணம் ஒன்றுதான்: எதிரே நிற்பவர் அதற்கு ஒத்துக்கொண்டு வந்திருக்கிறார். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 87-ஆம் பிரிவில் இதற்கு வாள்சண்டையை உதாரணம் காட்டியது. பொழுதுபோக்காக இருவர் வாள் வீச ஒப்புக்கொண்டால், முறைகேடில்லாமல் ஆடும்போது படும் காயத்துக்கும் இருவரும் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்றது. அந்த ‘முறைகேடில்லாமல்’ என்பதைத்தான் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இறங்கியாச்சு என்றால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு நீதிபதியே அப்படி எடுத்துக்கொண்டதுண்டு. 1973-இல் டென்வரில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டத்தில் டேல் ஹாக்பார்ட் ஒரு முழங்காலை ஊன்றி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் இருந்த எதிரணி வீரர் சார்லஸ் கிளார்க் பின்னாலிருந்து வந்து முன்கையால் அவருடைய பிடரியில் அடித்தார். நடுவர்கள் கவனிக்கவில்லை. கழுத்து எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஹாக்பார்ட் வழக்குப் போட்டார். இந்த ஆட்டமே வன்முறைமயமானது, இதில் எங்கே கோடு போடுவது என்ற தொனியில் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. அவர்கள் பார்த்தது ஆட்டத்தின் சொந்த விதிப்புத்தகத்தை. தலையிலோ கழுத்திலோ வேண்டுமென்று அடிக்கக் கூடாது என்று அதுவே சொல்லும்போது, அந்த அடியை ஆட்டத்தின் பகுதி என்று எப்படிச் சொல்வது?

சரி, அப்படியென்றால் விதியை மீறிய எல்லா மோதலும் குற்றமா? இது எதிர்ப்பக்கத்துத் தவறு. அரை நொடி தாமதமாக வந்த டாக்கிள், கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் போன தோள் இடி, இதெல்லாம் விதிக்கு வெளியே இருந்தாலும் ஆட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் எல்லோரும் ஆடுகிறார்கள். 2004-இல், கால்பந்து டாக்கிள் ஒன்றைப் பற்றிய பார்ன்ஸ் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது கிட்டத்தட்ட இதுதான். விதிமீறல், ஏன், சிவப்பு அட்டை வாங்கும் ஆட்டம்கூடத் தானாகவே குற்றவழக்கு ஆகிவிடாது. அதற்குச் செயல் போதிய அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும்.

ஆக மூன்று வட்டங்கள். விதிக்குள் இருப்பது, விதியை மீறினாலும் ஆட்டத்தின் வேகத்தில் பிறந்தது, ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாதது. பந்து வேறெங்கோ இருக்கும்போது பிடரியில் விழும் அடி மூன்றாவது வகை. 1994-இல் ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டமொன்றில் டங்கன் ஃபெர்குசன் எதிரணி வீரரைத் தலையால் முட்டியதும் அதே வகை. நடுவர் அதற்கு அட்டை காட்டவில்லை, நீதிமன்றம் 3 மாதச் சிறை கொடுத்தது, 44 நாள் உள்ளே இருந்தார். சட்டத்துக்கு ஆட்டக்களத்தில் என்ன வேலை என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். மூன்றாவது வட்டத்தில் நிச்சயமாக வேலை உண்டு.

“விதியில் இடமிருக்கு”

முதல் வட்டமும் அப்படியொன்றும் தூய்மையானதில்லை. 1932-33-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பாடிலைன் கிரிக்கெட் தொடரில் இங்கிலாந்து கேப்டன் ஜார்டினும் பந்துவீச்சாளர் லார்வுட்டும் செய்த எதுவும் அன்றைய விதிக்கு எதிரானதல்ல. லெக் சைடில் ஆட்களைக் குவித்து, உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசுவதைத் தடுக்கும் வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. (அந்தத் தொடரில் ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஓல்ட்ஃபீல்டின் மண்டை உடைந்த பந்து மட்டும் பாடிலைன் வியூகத்தில் வீசியது அல்ல, தப்பு தன்னுடையதுதான் என்று அவரே சொன்னார். கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. காயத்தை வைத்து அளந்தார்கள்.) விதி பின்னால் வந்தது. மட்டை பிடிப்பவருக்குப் பின்பக்கமாக (ஸ்கொயருக்குப் பின்னே) லெக் சைடில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அந்தத் தொடரின் நீண்ட நிழல்தான்.

1976-இல் ஜமைக்கா சபினா பார்க்கில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில், இந்திய கேப்டன் பிஷன் சிங் பேடி, 306-க்கு 6 விக்கெட் என்ற நிலையில் முதல் இன்னிங்ஸை முடித்துக்கொண்டார். மூன்று ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே காயம்பட்டிருந்தார்கள். அடுத்து வர வேண்டியவர்கள் அவரும் சந்திரசேகரும், இருவருமே பந்துவீச்சாளர்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் ஆட வரவே இல்லை, 97 ரன்னில் கதை முடிந்தது. மட்டை பிடிக்கத் தெரிந்தவருக்கு வீசும் அதே பந்தைத் தெரியாதவருக்கும் வீசலாமா என்பதுதான் அங்கே கேள்வி. இன்றைய கிரிக்கெட் விதி 41.6 அதற்கு நேராகப் பதில் சொல்கிறது. பவுன்சர் ஆபத்தானதா என்று தீர்மானிக்கும்போது நடுவர் எதிரே நிற்பவரின் திறமையைக் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் பாதுகாப்புக் கவசம் அணிந்திருப்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

இரண்டாவது பகுதியை மறுபடி படியுங்கள். “ஹெல்மெட் இருக்கே, என்ன ஆகிவிடும்” என்ற வாதத்தை விதியே அடைத்துவிட்டது. கவசம் இருப்பதால் அடிக்கும் உரிமை கூடிவிடாது. கவசத்தை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குத்துச்சண்டைக் கையுறை முக்கியமாகக் காப்பாற்றுவது அடிப்பவரின் விரல் எலும்புகளை. வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் கைதான் முதலில் உடையும். உறை போட்டவர் தயங்காமல் தலையைக் குத்தலாம், சுற்றுச் சுற்றாகக் குத்தலாம். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆவது சுற்றில் விழுந்தார், சில நாட்களில் இறந்தார். அதன்பிறகு முதலில் குத்துச்சண்டை அமைப்பான டபிள்யூபிசி 15 சுற்றுகளை 12 ஆகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் பின்தொடர்ந்தன. மாற்ற வேண்டியிருந்தது உறையை இல்லை, நேரத்தை.

“அவன்தான் முதல்ல சீண்டினான்”

2006 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் இத்தாலியின் மாற்றராஸி வாயால் சீண்டினார், பிரான்ஸின் ஜிடான் தலையால் முட்டினார். இருவருக்குமே தடை விழுந்தது: ஜிடானுக்கு மூன்று ஆட்டம், மாற்றராஸிக்கு இரண்டு. சீண்டலும் தப்பு, முட்டலும் தப்பு, ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஐஸ் ஹாக்கியில்தான் இது சிக்கலாகிறது. அங்கே கையுறையைக் கழற்றிப் போட்டுச் சண்டை போட்டால் 5 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவ்வளவுதான். நம் ஆளை அவன் அடித்தால் அவனை நாம் ‘கவனிப்போம்’ என்ற எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. அதுதான் ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது, பெரிய காயங்களைத் தடுக்கிறது என்பார்கள் ஆதரவாளர்கள். 2004 மார்ச் 8-ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய மாதம் வான்கூவர் கேப்டன் நாஸ்லுண்டைக் கொலராடோவின் ஸ்டீவ் மூர் மோதிச் சாய்த்திருந்தார். பழிதீர்க்கும் நாள் வந்தது. ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே ஒரு வான்கூவர் வீரரோடு மூர் சண்டை போட்டு முடித்தார். எழுதாத சட்டப்படி கணக்கு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கடைசிப் பகுதியில் டாட் பெர்டுசி பின்னாலிருந்து மூரைக் குத்திப் பனியில் சாய்த்தார், மூன்று கழுத்தெலும்புகள் முறிந்தன. மூர் அதன்பின் தொழில்முறை ஹாக்கி ஆடவே இல்லை. பெர்டுசி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேரச் சமூக சேவையும் கிடைத்தன. அடுத்த ஆண்டே மறுபடி லீக்கில் ஆட வந்தார். பழிவாங்கலுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

அடித்தவரோடு கதை முடிவதில்லை

அடித்தவர் பெயர் செய்தியில் வரும், தடை விழும், நாமும் திருப்தியாக அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறோம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை, எதிரணி ஆள் ஸ்ட்ரெச்சரில் போகும் அளவுக்கு அடித்தால் பரிசுப்பணம் என்று ஒரு ஏற்பாடு இருந்ததாக 2012-இல் என்எஃப்எல் அறிவித்தது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு ஓராண்டுத் தடை. வீரர்கள் மேல் விதிக்கப்பட்ட தடைகளை லீக்கின் முன்னாள் கமிஷனர் டாக்லியபூ மேல்முறையீட்டில் நீக்கினார், பொறுப்பின் பெரும்பங்கு பயிற்சியாளர்களுடையது என்று. காசு கொடுத்தவர்களைத் தேடாமல் அடித்த கையை மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

சம்மதம் பற்றிய பேச்சும் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. முழங்கால் போகும், விரல் உடையும் என்று தெரிந்து ஒருவர் கையெழுத்துப் போடலாம். வருடக்கணக்காகத் தலையில் விழும் சின்னச் சின்ன இடிகள் மூளையை அரிக்கும் என்று சொல்லாமல் விட்டால், அவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார்? முன்னாள் என்எஃப்எல் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் சிடிஇ என்ற சிதைவைக் கண்டதாக டாக்டர் பென்னட் ஒமாலு 2005-இல் எழுதியபோது, லீக்கின் சொந்த மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் 76.5 கோடி டாலருக்கு உடன்பாடு பேசப்பட்டது, பிறகு அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. ஐஸ் ஹாக்கியில் சண்டை போடுவதற்கென்றே அணிகள் வைத்திருந்தவர்களில் ஒருவர் டெரெக் பூகார்ட். 2011-இல் இறந்தபோது வயது 28. அவர் மூளையிலும் சிடிஇ இருந்தது. அவர் போட்ட சண்டைகளுக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்துக்கும் இதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன். எவ்வளவு என்று அளக்க முடியாது, அவ்வளவுதான்.

“ஸ்லோ மோஷன்ல தெளிவாத் தெரியுதே”

கடைசியாக, இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் வீடியோ. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்த மோதலும் திட்டமிட்டது போலத் தெரியும். உண்மையில் கால் நொடியில் நடந்தது திரையில் மூன்று நொடி ஓடும்போது, ‘யோசிக்க நேரம் இருந்தும் செய்தான்’ என்று நம் மனம் சேர்த்துக்கொள்ளும். 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் குற்றக் காட்சிகளிலும் அமெரிக்கக் கால்பந்து டாக்கிளிலும் சோதித்தது. ஒரே காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், வேண்டுமென்றே செய்தது என்று அதிகமாகச் சொன்னார்கள். அதனால்தான் கால்பந்தின் விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) நெறிமுறை வேலையைப் பிரித்துவைத்திருக்கிறது. கால் எங்கே பட்டது, பந்து கையில் பட்டதா என்று பார்க்க மெதுவான காட்சி. மோதல் எவ்வளவு கடுமை என்று தீர்மானிக்க, நிஜ வேகம் மட்டும்.