வேலி நகரும்போது: எல்லை மாறும் தொகையீட்டை வகையிடுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறாம் படிவப் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் மூன்று பக்கம் எழுதி எழுதி அடித்துவிட்டு, "சார், இதைத் தொகையிடவே வரலையே" என்றாள்.

கணக்கு இதுதான்: தொகையீட்டுக்கு உள்ளே சைன்(டி²). கீழ் எல்லை எக்ஸ், மேல் எல்லை எக்ஸ்³. எக்ஸைப் பொறுத்து வகையிட வேண்டும். சைன்(டி²)-இன் தொகையை நாம் படித்த சார்புகளை வைத்து எழுதவே முடியாது. "எழுத வேண்டியதும் இல்லைம்மா" என்று தாளைத் திருப்பிச் செம்பனை (பாமாயில் மரம்) நிரைகளை வரைந்தேன். அவள் அப்பா குலை வெட்டுகிறவர். நிரை என்றால் அவளுக்கு விளக்கம் தேவையில்லை.

டி என்பது நிரை எண். சார்பு, அந்த நிரையில் உள்ள குலை. எல்லைகள்தான் இரண்டு வேலிகள். தொகையீடு, அந்த இரண்டு வேலிக்கு நடுவே உள்ள மொத்தக் குலை. 1675-இல் லைப்னிட்ஸ் போட்ட ∫ குறியே, கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியதுதான்.

இப்போது வலப்பக்க வேலி நகர்கிறது. உள்ளே புதிதாக வருவது எவ்வளவு? வேலி நிற்கிற நிரையின் குலையை வேலியின் வேகத்தால், அதாவது அந்த எல்லையின் வகைக்கெழுவால், பெருக்குங்கள், அவ்வளவுதான். நடுவில் உள்ள நிரைகளை எண்ணவே வேண்டாம். இடப்பக்க வேலியும் வலப்புறமே நகர்ந்தால் அங்கே குலை வெளியே போகிறது, அதனால்தான் கழிக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். டி இருந்த இடத்தில் மேல் எல்லையை வையுங்கள்: சைன்(எக்ஸ்⁶). எக்ஸ்³-இன் வகைக்கெழு 3எக்ஸ்²-ஆல் அதைப் பெருக்குங்கள். கீழ் எல்லையை வைத்தால் சைன்(எக்ஸ்²), அதன் வேகம் 1. விடை:

3எக்ஸ்² சைன்(எக்ஸ்⁶) − சைன்(எக்ஸ்²)

என் பிள்ளைகளுக்கு மார்க் போவது பெரும்பாலும் அந்த 3எக்ஸ்²-ஐ மறப்பதால்தான். அதனால் கணக்கைத் தொடும் முன்பே இரண்டு வேலியின் வேகத்தையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்வேன். எல்லை வெறும் எண் என்றால் அந்த வேலி நகரவில்லை. அந்தப் பக்கம் பூஜ்யம்.

நம்பிக்கை வரவில்லையா? சைனை விட்டுவிட்டு டி² போடுங்கள், எல்லைகள் எக்ஸ், எக்ஸ்². விதிப்படி 2எக்ஸ்⁵ − எக்ஸ்². தொகையிட்டுப் பார்த்தால் (எக்ஸ்⁶ − எக்ஸ்³)/3; வகையிட்டால் அதேதான்.

அப்புறம், சார்புக்குள்ளேயே எக்ஸ் இருந்தால்? வேலி நகர்வதோடு மரங்களும் குலை தள்ளுகின்றன என்று அர்த்தம். சார்பை மட்டும் எக்ஸைப் பொறுத்து வகையிட்டு, அதை வேலிக்குள் தொகையிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே எக்ஸ் + டி, எல்லைகள் 0, எக்ஸ் என்றால் வேலியால் 2எக்ஸ், மரங்களால் எக்ஸ், ஆக 3எக்ஸ்.