முகத்தில் அடிபட்டவருக்கு எக்ஸ்ரே எடுப்பது எப்படி? வாட்டர்ஸ் நிலை, படிப்படியாக

முதலில் கழுத்தைக் கவனியுங்கள். முக எலும்பை உடைக்கும் வேகத்தில் விழுந்த அடி கழுத்தெலும்பையும் தாக்கியிருக்கக்கூடும் என்பதால், அங்கே காயமில்லை என்று மருத்துவர் உறுதிசெய்யும் வரை கழுத்தை அசையாமல் தாங்கும் காலரைக் கழற்றவோ தலையை அசைக்கவோ கூடாது. அந்த உறுதி கிடைத்த பிறகே, மோவாயை உயர்த்தி முக எலும்புகளைப் படமெடுக்கும் வாட்டர்ஸ் நிலைக்குச் செல்ல வேண்டும்.

கண்ணாடி, தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழுத்துச் சங்கிலி, கழற்றக்கூடிய பல்செட் ஆகியவற்றை அகற்றச் சொல்லுங்கள். பெண்களிடம் கர்ப்பமாக இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி முகத்தை டிடெக்டர் (கதிரை வாங்கிப் படமாக்கும் தட்டு) பக்கம் திருப்பி நிமிர்ந்து உட்காரட்டும். முக எலும்புகள் டிடெக்டருக்கு அருகில் இருப்பதால் படம் தெளிவாக விழும். கதிர் பின்மண்டை வழியாக நுழைவதால் கண் வில்லைக்குப் போகும் கதிரளவும் குறையும். நிமிர்ந்த நிலையில் எடுத்தால்தான் கன்னக் காற்றறையில் (மூக்கின் இருபுறமும் எலும்புக்குள் உள்ள காற்றுக் குழி) தேங்கிய இரத்தம் மட்டமான கோடாகத் தெரியும். எலும்பு முறிவுக்கு அதுவே பல நேரங்களில் முதல் தடயம்.

இனி மோவாய். அது டிடெக்டரைத் தொட வேண்டும், மூக்கு சற்று விலகியிருக்க வேண்டும். கண்ணின் வெளிமூலையிலிருந்து காதுத் துளைக்குப் போகும் கோடு டிடெக்டருடன் 37 பாகைக் கோணம் காட்டுவதே இலக்கு. பக்கவாட்டில் நின்று பார்த்துச் சரிசெய்யுங்கள். வீங்கிய முகத்தை நாம் பிடித்துத் தூக்கினால் வலி கூடும். அவராகவே மெதுவாக உயர்த்தும்படி சொல்லிப் பொறுமையாகக் காத்திருப்பதே முறை.

எக்ஸ்ரே குழாய்க்கும் டிடெக்டருக்கும் இடையே 100 செ.மீ. தூரம் வைத்து, படுக்கைமட்டமாகச் செல்லும் நடுக்கதிர் மூக்கும் மேலுதடும் சேருமிடத்தில் வெளியேறுமாறு அமையுங்கள். சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட்டுடன் 70 முதல் 80 கிலோவோல்ட் வரை பொதுவாகப் போதும். வலது, இடது குறியை மறக்காமல் வைத்து, மூச்சை நிறுத்தச் சொல்லி எடுங்கள்.

படம் வந்ததும், காதெலும்பின் அடர்ந்த மேடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கன்னக் காற்றறைகளுக்குச் சற்றே கீழே இருந்தால் நிலை சரி. காற்றறையின் அடிப்பகுதியை மறைத்தால் மோவாய் போதிய அளவு உயரவில்லை என்று பொருள். அந்த இடத்தில் ஒரு முறிவு மறைந்துபோகலாம். கண்குழிகளின் வெளிவிளிம்புக்கும் மண்டையோட்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இல்லையென்றால் தலை திரும்பியிருக்கிறது.

கழுத்து ஐயம் தீராதவரை மல்லாந்த நிலையிலேயே விட்டு, கிரிட் வைத்த டிடெக்டரைத் தலையின் பக்கத்தில் நிறுத்தி, படுக்கைமட்டக் கதிரால் பக்கவாட்டுப் படம் எடுக்கலாம். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ முகம் பல இடங்களில் உடைந்த தோற்றம் இருந்தாலோ, எக்ஸ்ரேயை மீண்டும் மீண்டும் எடுக்காமல் சி.டி. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.