ஜெர்மனியில் முதல் வாடகை வீடா? சாவி வாங்கும் அன்றே இதைச் செய்யுங்கள்

பெட்டியைப் பிரிக்கும் முன் மின்சார மீட்டர், ஹீட்டர் மீட்டர் எண்களைப் படம் எடுங்கள். சுவர்க் கீறல், குளியலறை சிலிக்கான் ஓரத்துக் கறுப்புப் புள்ளி எதையும் விடாமல் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கப் பார்ப்பார்கள். அட்வான்ஸ் அதிகபட்சம் 3 மாத அடிப்படை வாடகைதான் (ஹீட்டர், தண்ணீர் போன்ற கூடுதல் செலவு சேராத வாடகை). அதையும் 3 மாதத் தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது.

குடிபுகுந்த 2 வாரத்துக்குள் 'அன்மெல்டுங்' என்ற முகவரிப் பதிவு. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் அங்கே குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும்.

குளிர்காலத்தில் ஜன்னலை மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்த்துத் திறந்தபடி நாள் முழுக்க வைக்காதீர்கள். சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து, சோறு வடித்த ஆவி அதில் படிந்து பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரை அணைத்துவிட்டு முழுதாகத் திறந்து, 5 நிமிடத்தில் மூடுங்கள். தினமும் 2, 3 முறை.